நான் ஆடவில்லை

ஜனவரி 9

இன்றைக்கும் கையுறை கிழிந்தது. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போகிற நேரத்தில் கட்டைவிரல் பக்கம் டர்ரென்று போய்விட்டது. நாற்காலியில் இருந்தவர் வாயைப் பிளந்தபடி கண்ணை உருட்டுகிறார். உதவிக்காரப் பெண் வேறு ஜோடி எடுத்து வந்தாள். அது விரல் நுனிவரை இறங்கவே மாட்டேன் என்கிறது.

கையுறை கம்பெனிக்காரனைப் போனில் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். அளவைக் குறைத்து ஏமாற்றுகிறீர்களா, பொம்மைக்கா கையுறை செய்கிறீர்கள் என்று. அவன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க சார், பாக்கறேன் சார்" என்றான்.

சார்!

குரல் கட்டிப்போய் மாதக்கணக்காகிறது. சளி என்று ஆவி பிடித்துப் பிடித்து முகம் வெந்ததுதான் மிச்சம். போனில் எவனைக் கூப்பிட்டாலும் சார்தான்.

உதவிக்காரப் பெண் தயங்கித் தயங்கி, "மேடம், நானும் இதே சைஸ்தான் போடறேன். எனக்கு லூசா இருக்கே" என்றாள். போய்க் கருவிகளைக் கழுவு என்று விரட்டினேன்.

ஜனவரி 17

குளித்துத் துவட்டிக்கொண்டிருக்கும்போதே வியர்க்கிறது. முகத்தைத் துடைத்தால் துண்டில் எண்ணெய். கழுத்தைச் சுற்றி மரு மருவாகத் தோல் தொங்குகிறது. சீ. யாருடைய உடம்பு இது? யாரோ கழற்றிப் போட்டதை நான் எடுத்து மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது.

ஜனவரி 28

இவர் தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குக் குடிபோய்விட்டார். "நீ விடற குறட்டைல ஜன்னல் அதிருது. ரெண்டு பேர்ல ஒருத்தராவது தூங்கணும்ல" என்கிறார். கல்யாணமான புதிதில் இவர் விட்ட குறட்டைக்கு நான் எங்கே குடிபோனேன்? கேட்கலாம். கேட்கவில்லை. தலைவலி.

பிப்ரவரி 6

பல் தேய்க்கும்போது கவனித்தேன். கீழ்வரிசை மேல்வரிசையைத் தாண்டி வெளியே வந்துவிட்டது. முன்பற்களுக்கு நடுவே சந்து. ஊரில் உள்ளவர் வாயை எல்லாம் நாள் முழுக்கப் பார்க்கிறேன், என் வாய் இந்த லட்சணம். கண்ணாடியில் பார்த்தால் சண்டைக்குக் கிளம்புகிற நாய் மாதிரி ஒரு தாடை. என் தோழி கம்பியிடம் போய்ப் பல்லுக்குக் கம்பி கட்டிக்கொள்ள வேண்டும். இந்த வயதில் கம்பியா என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

பிப்ரவரி 11

கம்பி என் கல்லூரித் தோழி. பல்லுக்குக் கம்பி கட்டுவதே பிழைப்பு என்பதால் எங்கள் கூட்டத்தில் அவள் பெயரே அதுதான். பார்த்துப் பல வருஷம். கதவைத் திறந்தவள் முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

உட்கார வைத்தாள். வாயைத் திறந்தேன். அவள் வாயைப் பார்க்கவே இல்லை. கையை எடுத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"மோதிரம் எப்போ கழட்டினே?"

"அது ஆச்சு ரொம்ப நாள். குண்டாயிட்டேன்ல."

"செருப்பு சைஸ் மாறிச்சா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பல்லைப் பாருடி. கம்பி கட்டுவியா மாட்டியா?"

"மாட்டேன். இது பல்லோட கோளாறே இல்ல. உன் தாடை வளருதுடி. இந்த வயசுல தாடை வளரக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். பரீட்சைக்கு அவளும் நானும் சேர்ந்துதான் படித்தோம். பெரிய கை, பெரிய தாடை, பல்லுக்கிடையே சந்து, பிட்யூட்டரிக் கட்டி. புத்தகத்தில் கறுப்பு வெள்ளையில் ஒரு ஆள் படம் இருக்கும், அதற்கு நாங்கள் மீசை வரைந்திருந்தோம்.

ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தாள். கண் கலங்கியிருந்தது. கழிவிரக்கத்தைவிட எரிச்சலான ஒன்று உண்டென்றால் அது அடுத்தவள் நம்மேல் படுகிற இரக்கம்தான். டீகூடக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

பிப்ரவரி 20

அதேதான்.

ஹார்மோன் டாக்டர் நிதானமானவர். மூளைக்கு அடியில், மூக்குக்குப் பின்னால், பட்டாணி அளவு சுரப்பி. அதில் ஒரு கட்டி உட்கார்ந்துகொண்டு வளர்ச்சி ஹார்மோனைக் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. சின்னப் பிள்ளையாக இருந்தால் உயரமாக வளர்ந்திருப்பேனாம். உயரத்துக்கு வழியில்லாததால் கை, கால், மூக்கு, தாடை, நாக்கு என்று கிடைத்த இடத்தில் எல்லாம் வளர்கிறேன். இப்படியே விட்டால் இதயமும் பெருக்குமாம்.

"பழைய போட்டோ இருந்தா எடுத்துட்டு வாங்கம்மா. எப்போ ஆரம்பிச்சதுன்னு பாப்போம்" என்றார்.

பிப்ரவரி 22

ஞாயிறு. சாப்பாட்டு மேஜை முழுக்க என் முகங்கள். நாத்தனாரும் வந்திருந்தாள். வருஷவாரியாக அடுக்கினார்கள். குடும்பமே என்னைச் சீட்டுக்கட்டு மாதிரி பரப்பி வைத்துக்கொண்டு குனிந்து பார்க்கிறது.

"அண்ணி, நான் என்ன நினைச்சேன்னா, உங்களுக்கு வயசாக ஆக எங்க அப்பா ஜாடை வருதுன்னு நினைச்சேன்" என்றாள் நாத்தனார்.

"எனக்கு எப்படிடீ உங்கப்பா ஜாடை வரும்? நான் வாழ வந்தவ."

அவள் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "ஆமால்ல" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். இவர் மட்டும் சிரிக்கவில்லை. எங்கள் மகள் பிறந்தபோது எடுத்த படத்தையும் போன வருஷத்துப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தினமும் பாத்துட்டுதானே இருந்தேன். தெரியலையே."

"பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றேன். அந்த வார்த்தை வந்து விழுந்த பிறகு நாத்தனார் படங்களைப் பொறுக்கி அடுக்க ஆரம்பித்தாள்.

மார்ச் 5

எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். குழாய்க்குள் தலையைப் பூட்டி, காதுக்குள் டமடமவென்று தட்டி, ஒரே அவமானம். மெஷின் ஓட்டுகிற பையன் ஒலிபெருக்கியில் அதட்டுகிறான். "ஆடாதீங்க மேடம்."

நான் ஆடவில்லை.

"மறுபடியும் ஆடிட்டீங்க. படத்துல ஒரு பக்கம் கோடு கோடா நிழல் விழுது. இன்னொரு தடவை எடுக்கணும்."

நான் ஆடவே இல்லை! நோயாளி அசைந்தால் என்ன ஆகும் என்று தொழிலிலேயே தெரிந்தவள். மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு கட்டை மாதிரிக் கிடந்தேன். இரண்டாம் தடவையும் அதே நிழலாம். "பரவால்ல விடுங்க, வயசானவங்களுக்குக் கஷ்டம்தான்" என்றான் மகாபாவி. வயசானவங்க! வெளியே வந்து அந்த மூஞ்சியை முறைத்தேன். என் மூஞ்சியைப் பார்த்துப் பயந்து அவன் ஒதுங்கினான். அது அதைவிட மோசம்.

மார்ச் 7

படங்களைக் கிளினிக்குக்கு எடுத்துப்போய் விளக்குப்பெட்டியில் செருகிப் பார்த்தேன். பட்டாணி இருக்க வேண்டிய இடத்தில் திராட்சை. சாம்பல் நிறத்தில், கொழகொழவென்று, பக்கத்திலேயே ஓடுகிற பெரிய ரத்தக்குழாய்மேல் சாய்ந்துகொண்டு. மூளைக்குப் போகிற குழாய் அது. என் தலைக்குள்ளே இப்படி ஒரு அசிங்கம் இத்தனை வருஷம் குடக்கூலி இல்லாமல் குடியிருந்திருக்கிறது.

ஒன்று மட்டும் ஆறுதல். கட்டியின் இடது பக்கத்தில் கறுப்பாக ஒரு வட்டம். ஓட்டை. உள்ளே ஒன்றும் இல்லை. பாதிக் கட்டி தானாகவே அழுகி வெறும் கூடாகிவிட்டது போல. பல் எக்ஸ்ரேயில் கறுப்பைப் பார்த்தால் சொத்தை, வெள்ளையைப் பார்த்தால் கெட்டி. என் கண்ணுக்கு இது பழகின பாடம்.

மார்ச் 14

மூளை அறுவைச் சிகிச்சை டாக்டரைப் பார்த்தோம். இவர் விசாரித்து விசாரித்துக் கண்டுபிடித்த ஆள். பெரிய கை என்கிறார்கள். அவருக்கு நான் வைத்த பெயர் சிரிப்பு. எதைச் சொன்னாலும் சிரிக்கிறார்.

"மூக்கு வழியா போவோம். முகத்துல ஒரு கீறல்கூட இருக்காது. சுத்தமா வழிச்சு எடுத்துடலாம்."

வழித்து! தோசை மாவா?

மூக்குக்குள் குழாய் விட்டு, மூக்கின் கடைசிச் சுவரை உடைத்து, அதன் வழியாகக் கட்டியைச் சுரண்டி எடுப்பார்களாம். சளியும் ரத்தமும் ஓடுகிற பாதையில் மூளைக்குப் போவது. கேட்கும்போதே குமட்டியது. நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் கையை விடுகிறவளுக்குக் குமட்டுகிறதா என்று சிரித்தார்.

கறுப்பு வட்டத்தைக் காட்டிக் கேட்டேன். ஒரு பார்வை பார்த்தார். "நீர்க்கட்டி மாதிரி. நல்லதுதான். குத்துனா தண்ணி வந்துடும், வேலை சுலபம்." நான் நினைத்ததையே அவரும் சொன்னதில் எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

ஏப்ரல் 4 என்று நாள் குறித்தாயிற்று. அதற்கு மறுநாள் அவர் வெளிநாடு போகிறார். திரும்ப ஒரு மாதமாகும். அதற்குள் முடித்துவிடலாம் என்கிறார்.

மார்ச் 15

வீட்டில் கொண்டாட்டம். இனிப்பு வேறு. எனக்கு மூக்கைத் தொட்டாலே கூசுகிறது.

ஏப்ரல் 2

ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். இவர் ஆபீசில் லீவு போட்டாயிற்று. நாத்தனார் பெட்டியோடு வந்து இறங்கிவிட்டாள். மகள் பரீட்சை முடிந்ததும் வருகிறாள். ஆளாளுக்கு என்னைக் கேட்காமல் என்னைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். படுக்கையில் ஒரு பொட்டலம் மாதிரிக் கிடக்கிறேன்.

அறுவையின்போது கருவிக்கு வழிகாட்ட இன்னும் மெல்லிசான படங்கள் வேண்டுமாம். மறுபடி எம்.ஆர்.ஐ. மறுபடி அதே பல்லவி. "ஆடிட்டீங்க." இந்தத் தடவை ஒரு பெண். பல்லைக் கடித்துக்கொண்டேன். அதுவும் இப்போது சரியாகக் கடிக்க வருவதில்லை.

ஏப்ரல் 3

வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

காலையில் சிரிப்பு வந்தார். முதல் தடவையாகச் சிரிப்பில்லாமல். "கீழ ஸ்கேன் பாக்கறவங்க ரத்தக்குழாய்க்குத் தனியா ஒரு படம் வேணும்கறாங்க. அவங்க அப்படித்தான். நிழலைப் பாத்தாலும் பயப்படுவாங்க. இவங்க பேச்சைக் கேட்டா நான் ஒரு ஆபரேஷனும் பண்ண முடியாது. நாளைக்குக் காலைல முதல் கேஸ் நீங்கதான்."

இவர் உடனே, "நீங்க சொன்னா சரி டாக்டர்" என்றார்.

எனக்கு வந்ததே ஆத்திரம். தலை யாருடையது? "நான் போய் அந்த ஸ்கேன் டாக்டரைப் பாக்கறேன்" என்று எழுந்தேன். "சும்மா இரேன், பெரிய டாக்டர் சொல்றார்ல, அவரைப் பகைச்சுக்கிட்டு..." என்று இவர் கையைப் பிடித்தார். உதறிவிட்டு லிஃப்டில் இறங்கினேன். நாத்தனார் பின்னாலேயே செருப்பில்லாமல் ஓடி வந்தாள்.

அடித்தளத்தில் இருட்டு அறை. ஏசி குளிரில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஒரு அம்மாள் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். என் படம்தான் திரையில் இருந்தது.

"நான் ஆடலைங்க" என்றேன். உள்ளே நுழைந்ததும் வாயில் வந்தது அதுதான். எதற்கென்று எனக்கே தெரியவில்லை.

அவர் திரும்பிப் பார்த்தார். "தெரியும். நீங்க ஆடலை. உள்ள இருக்கிறது ஆடுது."

நாற்காலியை இழுத்துப் போட்டார். கறுப்பு வட்டத்தின்மேல் விரலை வைத்தார்.

"இதை என்னன்னு நினைச்சீங்க?"

"ஓட்டை. உள்ள காலி. இல்லன்னா தண்ணி."

"தண்ணின்னா இந்தப் படத்துல கறுப்பா இருக்கும், சரி. அடுத்த வகைப் படத்துல பளிச்சுன்னு வெள்ளையா வரணும். வருதா பாருங்க." வரவில்லை. அதிலும் கறுப்பு. மை மாதிரிக் கறுப்பு. "ரெண்டுலயும் கறுப்பா வர்றது ரெண்டு. ஒண்ணு காத்து. காத்து இங்க வர வழியில்ல. இன்னொண்ணு, வேகமா ஓடற ரத்தம். மெஷின் அதைப் பிடிக்கறதுக்குள்ள அது தாண்டிப் போயிடும். அதான் கறுப்பு. அது துடிக்கத் துடிக்க, பக்கத்துல இப்படி நிழல் வரிசையா விழும்."

அந்தக் கோடுகள். என்னைத் திட்டின அந்தக் கோடுகள்.

"ரத்தக்குழாய் அந்த இடத்துல பலூன் மாதிரி ஊதி, கட்டிக்குள்ளயே தலையை நீட்டிட்டிருக்குன்னு நினைக்கிறேன். நிச்சயமா சொல்ல ஊசி போட்டு ஒரு படம் எடுக்கணும். உங்க வியாதிக்காரங்களுக்கு இது கொஞ்சம் அதிகமாவே வரும்." பிறகு என் தொழில் என்ன என்று கேட்டார். சொன்னேன்.

"நீங்க பல்லுல கறுப்பைப் பாத்தா என்ன பண்ணுவீங்க?"

"தோண்டுவேன்."

அவர் அந்த வட்டத்தை மறுபடி விரலால் தட்டினார். குத்தினால் தண்ணி வந்துடும் என்று சிரிப்பு சொன்னது காதில் கேட்டது. மூக்கு வழியாக, கைக்கு எட்டாத ஆழத்தில், பெரிய குழாயைக் குத்தியிருந்தால்... நாத்தனார் பின்னாலிருந்து, "அய்யய்யோ அண்ணி" என்றாள். அவள் இத்தனை வருஷத்தில் சொன்ன ஒரே புத்திசாலித்தனமான வார்த்தை அது.

மேலே வந்து, "அந்தப் படம் எடுக்காம நாளைக்கு நான் தியேட்டருக்கு வரமாட்டேன்" என்றேன். இவர், "ஒரு பயத்துல பேசறா டாக்டர்" என்று சமாதானத்துக்கு இறங்கினார். "ஆமாய்யா, பயம்தான்! உனக்கென்ன, பூச்செண்டு வாங்கிட்டு வந்து நிப்பே!" என்று கத்திவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து இவரை 'உனக்கு' என்று சொன்னதில்லை. அதுவும் இந்த ஆண்குரலில். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

சிரிப்பு தோளைக் குலுக்கினார். "எடுத்துட்டே வாங்க. பாப்போம்."

சாயங்காலம் எடுத்தார்கள்.

ஏப்ரல் 4

ரத்தக்குழாய்தான்.

ஏப்ரல் 5

திரையில் நிறம் போட்டுக் காட்டினார் ஸ்வெட்டர் அம்மா. குழாய் வளைகிற இடத்தில் ஒரு மொக்கு. செடியில் இருந்தால் அழகு என்பார்கள். பார்க்கப் பார்க்கக் கூசியது. மறுபடி மறுபடி பார்த்தேன்.

சிரிப்பு வெளிநாடு போய்விட்டார். போகுமுன் வந்து, "நல்லவேளை" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் முகத்தில் அறையலாம் போல இருந்தது. யாருக்கு நல்லவேளை? என் மீது எனக்கும் அதே வெறுப்பு. கறுப்பைப் பார்த்து நிம்மதிப் பெருமூச்சு விட்டவள்தானே நானும்.

இவர் கட்டிலுக்குக் கீழே செருப்பைத் தேடுகிற சாக்கில் வெகுநேரம் குனிந்தே இருந்தார். எழுந்தபோது கண் சிவந்திருந்தது. நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

மே 11

தொடையில் துளை போட்டு, அங்கிருந்து கம்பியைத் தலைவரை ஏற்றி, ரத்தக்குழாய்க்குள் வலை மாதிரி ஒரு குழாயை வைத்துவிட்டார்கள். இனி மொக்குக்குள் ரத்தம் போகாமல் நேராக ஓடும். மொக்கு மெல்ல வாடும். அதற்கு மாதங்கள் ஆகும். அதுவரை ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை. அதுவரை மூக்கு ஆபரேஷன் கிடையாது. கட்டி மேலும் ஆட்டம் போடாமல் இருக்க மாதா மாதம் பின்பக்கத்தில் ஊசி. மூக்கு, தலை, தொடை, பின்பக்கம். என் உடம்பில் இவர்கள் நுழையாத வாசல் எது?

ஜூலை 3

தொட்ட இடமெல்லாம் நீலம் பாரிக்கிறது. மாத்திரையின் வேலை. ஊசி போட்ட மறுநாள் வயிறு கழுவிவிட்டது போலப் போகிறது. ஆனால் முகம் கொஞ்சம் வற்றியிருக்கிறது என்கிறாள் கம்பி. தாடை எலும்பு மட்டும் இனி எந்தக் காலத்திலும் உள்ளே போகாதாம். அதைச் சொல்லும்போது இந்தத் தடவை அவள் அழவில்லை. டீ குடித்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 19

ஒரு நோயாளியின் குழந்தை என்னைப் பார்த்து வீரிட்டு அழுதது. "டாக்டர் ஆன்ட்டி நல்லவங்கடா" என்கிறாள் அதன் அம்மா, தானும் என் முகத்தைப் பார்க்காமல். அந்தக் குழந்தைக்காக முழுமுகக் கவசம் போட்டுக்கொண்டு வேலை செய்தேன். எனக்காக என்றுதான் சொல்ல வேண்டும்.

நவம்பர் 24

மொக்கு வாடிவிட்டது. ஸ்வெட்டர் அம்மா பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இப்போது வட்டம் சாம்பல் நிறம். "செத்துப்போச்சு" என்றார், பூச்சி மருந்து அடித்தவர் மாதிரி.

அடுத்தது மூக்கு. சிரிப்பிடமே போவதா என்று கேட்டேன்.

"கை நல்ல கை. கண்ணுதான் அவசரம்" என்றார். "கண்ணுக்கு நான் வந்து நிக்கறேன்."

டிசம்பர் 2

சிரிப்பு இந்தத் தடவை உட்கார்ந்து பேசினார். சுத்தமாக வழித்தெடுப்பதாகச் சொல்லவில்லை. குழாயைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருக்கிற துண்டை விட்டுவிடுவாராம். அதை இழுத்தால் குழாயும் கூட வரும். மிச்சத்தை ஊசியால் அடக்க வேண்டும். ஆயுசுக்கும் இருக்கலாம்.

இன்னொன்று, மூக்குக்குள் அகலமாகத் திறக்க வேண்டியிருப்பதால் வாசனை தெரியாமல் போகலாம். திரும்பி வரலாம், வராமலும் இருக்கலாம்.

"போகட்டும். என் தொழிலுக்கு அது வரம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். இவர் இந்தத் தடவை மூன்று கேள்வி கேட்டார். கேள்வியெல்லாம் உருப்படியான கேள்வி. துண்டுச்சீட்டில் எழுதி வைத்திருந்தார்.

டிசம்பர் 17

உயிரோடு இருக்கிறேன். மூக்கில் பஞ்சு. தொண்டையில் ரத்தம் இறங்கிக்கொண்டே இருக்கிறது. வேறு எழுத முடியவில்லை.

டிசம்பர் 20

சிரிப்பு தன் சிஷ்யர் கூட்டத்தோடு வந்து என் கட்டிலைச் சுற்றி நின்று பாடம் எடுக்கிறார். "இந்தக் கேஸ்ல எனக்கு ஆரம்பத்துலேயே ரத்தக்குழாய் மேல ஒரு சந்தேகம் இருந்துச்சு."

அடப்பாவி மனுஷா!

பஞ்சை அடைத்த மூக்கோடு எதுவும் பேச முடியாது. இவர்தான் பேசினார். எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, ரொம்ப மரியாதையாக, "இல்லைங்க டாக்டர். உங்களுக்கு இல்ல. கீழ உள்ள அம்மாவுக்குத்தான் இருந்துச்சு. அப்புறம் என் வீட்டுக்காரிக்கு. நமக்கு ரெண்டு பேருக்கும் இல்ல" என்றார்.

சிஷ்யர்கள் எல்லாம் கூரையைப் பார்த்தார்கள். சிரிப்பும் சிரித்துத்தான் வைத்தார். நான் சிரிக்கப் போய் மூக்கில் ரத்தம் வந்து நர்ஸ் திட்டினாள்.

ஜனவரி 21

ரத்தத்தில் ஹார்மோன் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. மிச்சத்துக்கு ஊசி. எல்லோருக்கும் சந்தோஷம்.

சாப்பாடு மட்டும் நனைத்த காகிதம் மாதிரி இருக்கிறது. உப்பு தெரிகிறது, புளிப்பு தெரிகிறது, மற்றது எதுவும் இல்லை. சோப்பு வாசனை இல்லை. மழை பெய்தது, மண் வாசனை இல்லை. வரம் என்று சொன்ன வாயைக் கழுவ வேண்டும்.

பிப்ரவரி 13

இன்று கிளினிக்கில் ஒரு வயதானவர். பல்லுக்குமேல் போட்ட தொப்பி நன்றாக இருக்கிறது, வலியும் இல்லை என்றார். நானும் தலையாட்டி அனுப்பப் போனேன். உதவிக்காரப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜாடை காட்டினாள். கழற்றிப் பார்த்தால் அடியில் சீழ் கட்டி நிற்கிறது. பக்கத்தில் வந்தாலே பிடித்துவிடுகிற விஷயம். இத்தனை காலம் என் பாதி வைத்தியத்தை மூக்குதான் பார்த்திருக்கிறது. அருவருப்புப் பட்டுக்கொண்டே அதன் சோற்றைத்தான் தின்றிருக்கிறேன்.

சீழைக் கண்ணால் பார்த்தும் எனக்குக் குமட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. எதற்கும் முகம் சுளிக்காத ஒருத்தி என் வீட்டில் என் புடவையைக் கட்டிக்கொண்டு நடமாடுகிறாள். எனக்கு அவளைத் தெரியாது.

மார்ச் 2

வாசனை இனித் திரும்பி வராது போல. டாக்டர்கள் "பாப்போம்" என்கிறார்கள். பாப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா, நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். இவர் பால் தீய்ந்ததை மறைத்து எனக்குக் காபி போட்டுக் கொடுத்தாராம். நாத்தனார் போட்டுக்கொடுத்துவிட்டாள். நான் முழு டம்ளரையும் குடித்திருக்கிறேன்.

மார்ச் 19

சாயங்காலம் இவர் வேகநடை போய்விட்டு வந்தார். ஊசியும் மாத்திரையும் எனக்கு, நடை மட்டும் இவருக்கு. நான் சோபாவில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பொத்தென்று விழுந்து, "அப்பாடா" என்று இரண்டு கையையும் தூக்கிச் சோபா முதுகில் போட்டார்.

"சீ! என்ன நாத்தம்! எழுந்து போய்க் குளிங்க முதல்ல."

வாயிலிருந்து தானாக வந்தது. மடித்த துணியை அவர் மேல் எறிந்துவிட்டேன்.

இவர் எழுந்துகொள்ளவில்லை. கையை இறக்கவும் இல்லை. திரும்பி, என் முகத்தையே பார்த்தார். இந்தத் தாடை, இந்த மூக்கு, இந்தப் பல் சந்து எல்லாவற்றையும் சேர்த்து, வைத்த கண் வாங்காமல். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றது.

"என்ன சொன்னே? இன்னொரு தடவை சொல்லு."

"நாறுது" என்றேன். "செத்த எலி மாதிரி நாறுது. பக்கத்துல வராதீங்க."

அவர் இன்னும் கிட்ட வந்து உட்கார்ந்தார். நான் நகரவில்லை.